ஜமால் பாயின் பெயர்மேல் ஒட்டிய காகிதம்

கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தேன். காகிதத்துக்கு அடியில் பசை இன்னும் காயவில்லை. விரலோடு சேர்ந்து ஒரு ஓரம் வழுக்கிக்கொண்டு வந்தது.

பெரியநாயக்கன்பாளையத்தில் மேட்டுப்பாளையம் ரோட்டை ஒட்டிய ஒரு கல்யாண மண்டபம். காலை நேரம். சமையற்கட்டிலிருந்து ரவை வறுக்கும் வாசனை வந்துகொண்டிருந்தது. மேடையில் யாரோ மைக்கைத் தட்டித் தட்டிப் பார்த்தார்கள். கொங்கு மரபுக் கண்காட்சி என்று வாசலில் பெரிய ஃப்ளெக்ஸ். ஏர், உரல், பழைய நாணயம், மாட்டுக் கழுத்து மணி என்று வரிசையாக மேசைகள். அந்த வரிசையின் கடைசியில், எல்லாவற்றையும்விடப் பெரிய மேசை எங்களுடையது.

மேசைக்குப் பின்னால் நின்ற பலகையில் முந்தின நாள் மாலை நாங்கள் வைத்துவிட்டுப் போனபோது மூன்று பெயர்கள் இருந்தன. கோகிலா, தங்கவேலு, ஜமாலுதீன். காலையில் வந்து பார்த்தால் இரண்டுதான். மூன்றாவது பெயர் இருந்த இடத்தில் ஒரு வெள்ளைக் காகிதப் பட்டை. அவசரத்தில் கிழித்து ஒட்டியதல்ல. ஸ்கேல் வைத்து வெட்டி, ஓரம் கோணாமல், சுருக்கம் விழாமல் ஒட்டியிருந்தார்கள். அந்த நேர்த்தியைப் பார்த்ததும்தான் எனக்கு உடம்பு பற்றிக்கொண்டு எரிந்தது.

ஜமால் பாய் எனக்குப் பின்னால்தான் நின்றார். "விடுங்க கோகிலாம்மா. கையெல்லாம் பசையாகுது" என்றார்.

அவர் குரலில் கோபமே இல்லை. அதுவும் எனக்கு எரிச்சலாக இருந்தது.

பொம்மை விளையாட்டு

நான் பல் லேப் நடத்துகிறவள் என்பது இந்தத் தொடரைப் படித்து வருபவர்களுக்குத் தெரியும். டாக்டர்கள் அளவெடுத்து அனுப்புவார்கள், நான் பல் செட்டும் கேப்பும் செய்து கொடுப்பேன். ஒரு நாள் டாக்டர் யாரும் அனுப்பாமல் ஒருவர் நேராக லேபுக்கே வந்தார். டவுனில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பதாகச் சொன்னார். சட்டைப் பையிலிருந்து பஞ்சில் சுற்றிய ஒரு யானையை எடுத்து என் மேசைமேல் வைத்தார். என் கட்டைவிரல் அளவு யானை. தும்பிக்கை உடைந்திருந்தது.

பல்லுக்கு வார்ப்பு எடுக்கிற மாதிரி இதற்கும் எடுக்க முடியுமா என்று கேட்டார். எதற்கு என்று கேட்டேன். போருக்கு என்றார்.

அப்படித்தான் எனக்கு ஜமால் பாயும் அறிமுகமானார், இந்த விளையாட்டும் அறிமுகமானது. தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பழைய காலத்துப் போர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அது நடந்த நிலத்தை மேசைமேல் செய்வோம். மேடு, ஆறு, வயல், காடு எல்லாம் இருக்கும். இரு பக்கப் படைகளும் சுண்டுவிரலில் பாதி உயரத்தில் நிற்கும். எந்தப் படை எவ்வளவு தூரம் நகரலாம், வில்லின் அம்பு எதுவரை எட்டும் என்பதற்கெல்லாம் விதி உண்டு; அளவுநாடா வைத்து அளப்போம். மோதலின் முடிவைப் பகடை சொல்லும். ஒரு பக்கம் நீங்கள் தளபதி, மறுபக்கம் நான் தளபதி. அன்றைக்குத் தோற்றவர் இன்றைக்கு ஜெயிக்க வழி இருந்ததா என்று பார்ப்பதுதான் இதில் உள்ள ருசி.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஜமால் பாயின் கடை மாடியில் கூடுவோம். மூன்றாவது ஆள் சோமனூர் தங்கவேலு. சொந்தத் தறிக்கூடம் வைத்து, ஜவுளிக்காரர்களிடம் தறியில் ஏற்றும் பாவும் ஊடை நூலும் வாங்கிக் கூலிக்கு நெய்து கொடுப்பவர். பேச்சு குறைவு. மேசைக்கு விரிக்கும் துணியை அவரே நெய்துகொண்டு வருவார். நன்செய்க்கு ஒரு பச்சை, கரட்டு மேட்டுக்கு ஒரு பழுப்பு.

ஐம்பது வயதுப் பொம்பளை பொம்மை வைத்து விளையாடுகிறாள் என்று என் சொந்தக்காரர்கள் சிரித்ததுண்டு. அதே சொந்தத்தில் ஆண்கள் மூன்று நாள் சேர்ந்தாற்போல் கிளப்பில் சீட்டாடிவிட்டு வருவார்கள். அதற்கு யாரும் சிரித்து நான் பார்த்ததில்லை. ஒரு நாத்தனார் என் கணவரிடமே கேட்டார், அம்மணிக்கு உடம்புக்கு ஏதாவது சரியில்லையா என்று. அவர் கேள்வி புரியாமல், ரத்த அழுத்தம் கொஞ்சம் இருக்குது என்று பதில் சொல்லியிருக்கிறார்.

நமக்கு அரைப் பக்கம்

கோபம் வந்தது வந்துவிட்டது, இதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆரம்பத்தில் நாங்கள் வெளிநாட்டில் அச்சான ஒரு விதிப் புத்தகத்தை வைத்து விளையாடினோம். ரோமானியப் படை என்றால் பக்கம் பக்கமாக இருக்கும். எந்த நூற்றாண்டில் எந்தக் கேடயம், கேடயத்தில் என்ன நிறம் என்பதுவரை சொல்லியிருப்பார்கள். தமிழ்ப் படைகளுக்கு மொத்தமாக அரைப் பக்கம். சேரன், சோழன், பாண்டியன் எல்லாரும் ஒரே பட்டியல். யானை சில. மீதியெல்லாம் பயிற்சி இல்லாத கும்பல்.

நான் புத்தகத்தை மேசைமேல் எறிந்துவிட்டேன். அம்பு தைத்ததும் எங்கள் யானைகள் எல்லாம் திரும்பி ஓடி எங்கள் ஆட்களையே மிதிக்கும் என்று வேறு விதி. சத்தியமங்கலத்தைத் தாண்டி மலைப்பாதையில் ஒரு முறை நாங்கள் போன பஸ்ஸை ஒற்றை யானை மறித்தது. ஹாரன் அடித்தார்கள், வெளிச்சம் போட்டார்கள். அது அசையவில்லை. டிரைவர்தான் பின்னால் எடுத்தார். காட்டு யானைக்கே அவ்வளவு நெஞ்சுரம் என்றால், போருக்கென்று வளர்த்த யானையை இவர்கள் எந்தக் கணக்கில் எழுதினார்கள்?

ஜமால் பாய் புத்தகத்தைக் குனிந்து எடுத்துத் தூசி தட்டினார். யானைகள் மிரண்டு ஓடியதும் உண்மைதான், ஓடாமல் நின்றதும் உண்மைதான் என்றார். திட்டுவதால் ஒன்றும் ஆகாது, நம் விதியை நாமே எழுதுவோம் என்றார். எழுதினோம். அதற்கு இரண்டு மழைக்காலம் பிடித்தது. சங்ககாலப் படை எப்படி நின்றது, எப்படி நகர்ந்தது என்று கிடைத்ததையெல்லாம் படித்தோம். தெரியாததைத் தெரியவில்லை என்றே எழுதி வைத்தோம்.

வடக்கு பார்த்து உட்கார்ந்தவர்

நாங்கள் திரும்பத் திரும்ப விளையாடிய போர் வெண்ணி. சோழ நாட்டில் நடந்தது. ஒரு பக்கம் இளவயதுச் சோழன் கரிகாலன். மறுபக்கம் சேரன், பாண்டியன், கூட வேளிர்கள் பதினொரு பேர். ஆள் பலம் எதிர்ப்பக்கம். ஜெயித்தது சோழன்.

சேரனின் மார்பில் பாய்ந்த வேல் முதுகையும் துளைத்துவிட்டது. முதுகில் புண் என்றால் புறங்காட்டி ஓடியவன் என்று பேராகிவிடும். அந்த வெட்கம் தாங்காமல் அவன் போர்க்களத்திலேயே வடக்கு பார்த்து உட்கார்ந்தான். சோறு தண்ணீர் இல்லாமல் உயிரை விட்டான்.

தங்கவேலு எப்போதும் சேரன் பக்கம்தான் எடுப்பார். நான் சோழன். ஜமால் பாய் நடுவர். தங்கவேலு சில ஞாயிறுகளில் ஜெயித்தார், பல ஞாயிறுகளில் தோற்றார். ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் மேசையைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு, பாண்டியனைக் கொஞ்சம் முன்னால் நிறுத்தியிருக்க வேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார்.

அந்த உட்கார்ந்த சேரனை ஜமால் பாய் மெழுகில் செய்தார். நான் வார்த்துக் கொடுத்தேன். கண்ணாடிக் கடை உருப்பெருக்கியை மாட்டிக்கொண்டு அவர் வண்ணம் தீட்டினார். தோளும் கழுத்தும் தளராமல், முகம் மட்டும் தளர்ந்து இருக்கும் அந்த உருவம். என் லேபில் எத்தனையோ வாய்களைச் செய்திருக்கிறேன். இப்படி ஒரு வாயை நான் செய்ததில்லை.

"சரிங்க, உங்க இஷ்டமுங்க"

ஓர் அறக்கட்டளை கண்காட்சி நடத்தப்போவதாகவும், எங்கள் வெண்ணி மேசையை வைக்க வேண்டும் என்றும் அதன் செயலாளர் என் லேபுக்கே வந்து கேட்டார். தலைவரின் விருப்பம் என்றார். தலைவர் பெரிய ஜவுளிக்காரர். தங்கவேலுவின் தறிகளுக்குப் பாவு வருவது அவரிடமிருந்துதான்.

எங்களுக்குப் பெருமையாக இருந்தது. முதல் தடவையாகக் கடை மாடியை விட்டு வெளியே வருகிறோம்.

ஒரு வாரம் கழித்துச் செயலாளர் மறுபடி வந்தார். சேரன் தோற்கிறாரே, அது கொஞ்சம் மனசுக்குச் சங்கடமாக இருக்கிறது என்றார். கரூர்தான் சேரர் தலைநகரா என்று அறிஞர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். எங்கள் ஊர்க்காரர்களுக்கு அதில் சந்தேகமே கிடையாது. நம் மண்ணின் ராஜா நம் ஊர்க் கண்காட்சியிலேயே தோற்கலாமா? விளையாடிக் காட்டும்போது சேரன் ஜெயிக்கிற மாதிரி பகடையைக் கொஞ்சம் பார்த்துப் போட முடியுமா? அந்த உட்கார்ந்த பொம்மையை எடுத்துவிட முடியுமா?

முடியாது என்றேன். பகடையைப் பார்த்துப் போட்டால் அதற்குப் பெயர் பகடை இல்லை என்றேன். தோற்றதால்தான் அவனை இத்தனை காலம் கழித்தும் நினைக்கிறோம் என்று ஜமால் பாய் சொன்னதையும் சொன்னேன்.

"சரிங்க, உங்க இஷ்டமுங்க" என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

எங்கள் ஊரில் இந்த வாக்கியத்துக்கு ஒரே பொருள்தான். முடியாது என்பதை எங்கள் ஆட்கள் இப்படித்தான் சொல்வார்கள். நான் அதே ஊர்க்காரிதான். எனக்குப் புரிந்திருக்க வேண்டும். ஆனால் அவர் சேரனைத் தொடவில்லை. அவர் கை போன இடம் வேறு.

மண்டபத்தில்

காகிதத்தின் ஓரத்தைப் பிடித்தபடி செயலாளரைக் கூப்பிட்டேன். வந்தார். இதை யார் ஒட்டியது என்று கேட்டேன்.

"அது ஒண்ணுமில்லீங்க அம்மணி. நம்ம மரபுக் கண்காட்சிங்க. பாக்க வர்றவங்க ஏதாச்சும் கேப்பாங்க. எதுக்குங்க வம்பு? பாய் தங்கமான மனுசனுங்க. இந்தக் கண்ணாடியே அவரு போட்டுக் குடுத்ததுதானுங்க."

அவர் மூக்கின்மேல் இருந்த கண்ணாடியைத் தொட்டுக் காட்டினார். ஜமால் பாய் அளந்து, தேய்த்து, காது வலிக்காமல் வளைத்துக் கொடுத்த கண்ணாடி. அதன் வழியாகப் பார்த்துத்தான் அந்தப் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்து, அளவெடுத்து, காகிதம் வெட்டியிருக்கிறார்.

அதற்குள் தலைவரே வந்துவிட்டார். வெள்ளை வேட்டி, மெல்லிய ஜவ்வாது வாசனை. விஷயத்தைச் செயலாளர் அவர் காதில் சொன்னார். தலைவர் முகம் மாறவில்லை.

"பாய்தான் வேல பாத்தாருன்னு நமக்குத் தெரியுமுங்கல்ல அம்மணி. அது போதாதுங்களா?"

"தெரியுமுன்னா எழுதறதுல என்னங்க கஷ்டம்?"

அதற்கு அவர் காபி சாப்பிட்டீர்களா என்று கேட்டார். பக்கத்திலிருந்த பையனிடம் அம்மணிக்கு ஒரு காபி கொண்டுவரச் சொன்னார். யாராவது ஒரு கெட்ட வார்த்தை சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். இவர்கள் என் கையைக் கட்டிப் போட்டுவிட்டு விசிறியும் வீசினார்கள்.

காகிதத்தைப் பிய்க்கப் போனேன். ஜமால் பாய் என்னைத் தனியே அழைத்துப்போய்த் தாழ்ந்த குரலில் சொன்னார். தங்கவேலுவுக்குப் பாவு கொடுப்பவர் இவர். இங்கே சண்டை போட்டால் அங்கே தறி நிற்கும். பேரைப் பார்க்க யார் வரப்போகிறார்கள்? போரைப் பார்க்கத்தானே வருகிறார்கள்? பேசாமல் விளையாடிக் காட்டிவிட்டுப் போய்விடலாம்.

அவர் சொன்னது எல்லாம் சரி. எனக்கு அழுகை வந்தது. கோபத்தில் வருகிற அழுகை. அது வந்துவிட்டால் பொம்பளை அழுகிறாள் என்றுதான் பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

திரும்பிப் பார்த்தபோது தங்கவேலு மேசைக்கு அந்தப் பக்கம் குனிந்து நின்றிருந்தார். சேரனின் வேல்படையை ஒவ்வொன்றாக எடுத்துப் பெட்டிக்குள் பஞ்சில் வைத்துக்கொண்டிருந்தார். நாங்கள் பேசியது அவருக்குக் கேட்டதா, கேட்கவில்லையா என்று தெரியவில்லை.

"பாய், அந்தப் பெட்டிய இக்கட்டால, எம்பக்கம் தள்ளுங்க" என்றார்.

மண்டபத்தில் ஏர், உரல் மேசைக்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். தங்கவேலு அவசரப்படவில்லை. யானைகளை எடுத்தார். குதிரைகளை எடுத்தார். தான் நெய்த பச்சைத் துணியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். உட்கார்ந்த சேரனைக் கடைசியில் எடுத்துத் தன் சட்டைப் பைக்குள் வைத்தார். பிறகு தலைவர் முன்னால் போய்க் கும்பிட்டார்.

"மன்னிக்கோணுமுங்க. நாங்க கெளம்பறமுங்க."

"நல்லதுங்க. போயிட்டு வாங்க" என்றார் தலைவர்.

பலகையை நான் தூக்கிக்கொண்டேன். வாசலுக்கு வந்ததும் காகிதத்தைப் பிய்த்தேன். பசையோடு ஜமாலுதீன் என்பதில் பாதி எழுத்து உரிந்துகொண்டு வந்துவிட்டது.

நின்ற தறி

அடுத்த மாதத்திலிருந்து தங்கவேலுவுக்குப் பாவு வரவில்லை. யாரும் நிறுத்திவிட்டதாகச் சொல்லவில்லை. சரக்குத் தேக்கம் என்றார்கள், அடுத்த வாரம் அனுப்புகிறோம் என்றார்கள். பக்கத்துத் தறிக்கூடங்களுக்கெல்லாம் வேன் வந்து போனது. சோமனூரில் நின்றுபோன தறிக்கூடத்தின் அமைதி இருக்கிறதே, அதைக் கேட்டால் காதில் ஏதோ அடைத்த மாதிரி இருக்கும். நான் ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

ஜமால் பாய் எங்கள்மேல் கோபப்பட்டார். அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துப் போயிருந்தேன்.

"எம்பட பேரு போனா பேரோட போச்சுங்க. இப்ப அவரு தறி நின்னு போச்சு. எனக்கென்ன வேணும்னு எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா, கோகிலாம்மா?"

அவர்களும் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை என்கிறார். ஆனால் இன்றுவரை நான் அதை முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. அந்தப் பலகையில் என் பெயரும் இருந்தது. என் பெயருக்குப் பக்கத்தில் என்ன நடக்கிறது என்பது எனக்கும் உள்ள வழக்குதான். அதை அன்று சொல்லத் தெரியவில்லை. மாடி பல ஞாயிறுகள் பூட்டியே கிடந்தது.

கடைசியில் தங்கவேலுதான் கடைக்குப் போயிருக்கிறார். கண்ணாடி மாற்ற வந்ததாகச் சொல்லியிருக்கிறார். ஜமால் பாய் கண்ணைச் சோதித்திருக்கிறார், பழைய பவரேதான். அப்போது தங்கவேலு சொன்னாராம், "நீங்களும் கேக்கல, கோகிலாக்காவும் சொல்லலீங்க பாய். எடுத்தது எம்பட கையிங்க. எனக்கு அங்க நிக்க முடியல."

ஜமால் பாய் மாடிச் சாவியை எடுத்து மேசைமேல் வைத்தாராம்.

பிறகு திருப்பூர்ப் பக்கம் ஒரு ஜவுளிக்காரரைப் பிடித்துத் தங்கவேலு பாவு வாங்கினார். முன்பைவிடக் கூலி குறைவு. கொஞ்சம் தறிகள் இன்னும் ஓடாமல்தான் இருக்கின்றன. எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

பந்தி

போன முகூர்த்தத்தில் ஒரு சொந்தக்காரக் கல்யாணம். தாலி கட்டி முடிந்து பந்திக்கு நகர்ந்துகொண்டிருந்தோம். சாப்பாட்டுக் கூடத்தின் வாசலில், பெண்வீட்டாருக்கு வேண்டியவராக, தலைவர் நின்றிருந்தார். வருகிறவர்களையெல்லாம் கும்பிட்டு உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. நடிப்பு இல்லை, அவர் நிஜமாகவே அப்படித்தான்.

"ஏனுங்க அம்மணி, சௌக்கியமுங்களா? வாங்க, சாப்புட்டுப் போங்க."

இதற்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்பது எனக்குப் பேச்சு வந்த நாளிலிருந்து பழக்கம். சௌக்கியமுங்க, நீங்க சாப்டீங்களாங்க என்று கேட்டுவிட்டு உள்ளே போக வேண்டும். நாக்கு அதைச் சொல்லத் தயாராகவும் இருந்தது. எனக்குப் பின்னால் வரிசை நின்றது. உள்ளேயிருந்து நெய்யும் வாழையிலையும் மணத்தன. காலையிலிருந்து நான் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை.

"ஜமால் பாய் கடை டவுன்லதானுங்க இருக்குது. நேர்ல போயி, செஞ்சது தப்புன்னு அவருகிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க. அப்பறம் உங்க கையில வாங்கிச் சாப்புடறனுங்க."

அவர் கும்பிட்ட கை அப்படியே நின்றது. என் நாத்தனாரும் அங்கேதான் இருந்தார். நான் கும்பிட்டுவிட்டு வரிசையிலிருந்து விலகி நடந்தேன்.

எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்குப் போய்ச் சாப்பிடாமல் வந்தால் என்ன அர்த்தம் என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. வாசலைத் தாண்டியபோதுதான் நினைவு வந்தது, என் கணவர் முதல் பந்தியிலேயே உட்கார்ந்துவிட்டார் என்று. அவர் ரசம் வரைக்கும் நிதானமாகச் சாப்பிடுகிற ஆள். எதிரே ஒரு பேக்கரி இருந்தது. ஒரு தேங்காய் பன்னும் டீயும் வாங்கினேன். பட்டுச்சேலையோடு ரோட்டோரம் நின்று, மண்டப வாசலைப் பார்த்தபடி, கடைசித் துண்டு வரைக்கும் மென்று தின்றேன்.